யாரும் பயன்படுத்தாத கணக்கு

பாஸ்வேர்டு பாடம் எடுக்கப் போனால், கேட்காமலே அடுத்தவர் வீட்டுக்குள் போய் நின்றுவிடுவோம். குடும்பத்தில் கணினி தெரிந்த ஒரே ஆளாகப் பிறந்து தொலைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இந்தப் பள்ளி விடுமுறையில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில் நடந்த இலவச இணையப் பாதுகாப்பு முகாமுக்கு நான் தன்னார்வ ஆசிரியை. வந்தவர்கள் எல்லாம் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள்.

கார் நம்பர்

முதல் நாள், "வீட்டுல என்ன மாதிரி பாஸ்வேர்டு வைக்கிறீங்க?" என்று கேட்டேன். பாதிக் கைகள் ஒரே பதிலுக்கு உயர்ந்தன. அப்பாவின் கார் நம்பர். வைஃபைக்கு அதுதான், பேங்குக்கு அதுதான், அக்காவின் லேப்டாப்புக்கும் அதுதான். வாசலில் நிற்கும் காரின் முன்னும் பின்னும் பெரிய எழுத்தில் அதையே எழுதி வைத்திருக்கிறீர்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். செமினியிலிருந்து வந்த பையன் என்னைச் சமாதானப்படுத்தினான்.

"அப்பா கார் மாத்தப் போறாரு லா டீச்சர். அப்புறம் சேஃப்தான்."

நானே மோசடிக்காரி

இரண்டாம் நாள் நான் மோசடிக்காரி. போலீஸ் மாதிரி குரலைக் கனமாக்கிப் போனில் பேசுவேன், பிள்ளைகள் ஏமாறாமல் சமாளிக்க வேண்டும். பலரும் அடையாள அட்டையான ஐ.சி.யின் எண்ணை மளமளவென்று ஒப்பித்துவிட்டார்கள். கிள்ளானிலிருந்து வந்த தர்ஷினி மட்டும் மசியவில்லை. படிவம் நான்கில் படிப்பவள், அதிகம் பேசாத பெண். கடைசி அஸ்திரமாக, "உங்க அம்மாகிட்ட போனைக் கொடு" என்றேன்.

"அம்மா செத்துட்டாங்க. நீங்க யாரு?" என்றாள். என்ன சாமர்த்தியம் என்று வகுப்பே சிரித்தது, நானும் கை தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. விஷயம் புரிந்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அருகில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல டீச்சர். நெசமாவே ஸ்கேமர் கூப்பிட்டாலும் இதையேதான் சொல்வேன்."

வீட்டுப்பாடம்

அன்றைய வீட்டுப்பாடம், குடும்பத்தில் யாரும் பயன்படுத்தாத கணக்குகளைத் தேடி மூடுவது. பூட்டாமல் போட்டுவிட்டுப் போன வீடு மாதிரி, எவன் வேண்டுமானாலும் உள்ளே வருவான் என்று விளக்கினேன். எல்லோரும் போன பிறகு தர்ஷினி நின்றாள். இறந்தவர் பெயரில் வேறு யாராவது மெசேஜ் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அப்படியும் நடக்கிறது என்றேன். அப்பா கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார், யாரையும் லேசில் நம்பிவிடுவார் என்றாள். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாவோட வாட்ஸ்அப்ப டிலீட் பண்ணிட்டேன் டீச்சர். இனிமே அம்மா பேர்ல யாரும் அப்பாவ ஏமாத்த முடியாது."

ஒரே ஒரு டிக்

அன்று மதியம் பிள்ளைகள் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா படியேறி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இரண்டு போன்கள். "டீச்சர், என் வைஃப் போன் கெட்டுப்போச்சு போல. பார்க்க முடியுமா?" என்றார். தன் போனைத் திறந்து காட்டினார். 'கிளம்பிட்டேன்.' 'ஃபெடரல் ரோட்டுல ஜேம்.' 'பாப்பா பரீட்சை நல்லா எழுதியிருக்கா.' எல்லாவற்றிலும் இரண்டு டிக். வீட்டில் மனைவியின் படத்துக்குக் கீழே அந்த அம்மாவின் போனைச் சார்ஜில் போட்டே வைத்திருக்கிறார், அந்த நம்பருக்கு டாப்அப்பும் செய்துவருகிறார். அன்று காலை அனுப்பியதில் மட்டும் ஒரே டிக். மேலே வட்டத்துக்குள் இருந்த மனைவியின் முகத்தையும் காணோம்.

பின்னால் தர்ஷினி தட்டோடு நின்றாள். "நாந்தாம்பா டிலீட் பண்ணேன்," என்றாள். "மேல உங்க பேருல படிக்காத மெசேஜ் நெறைய இருந்துச்சு. ஆஸ்பத்திரில இருந்தப்ப அனுப்புனதுன்னு நெனச்சேன். தொறந்து பார்க்கப் பயமா இருந்துச்சு." அவர் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "இனிமே போகாதா டீச்சர்?" என்றார்.

அந்தப் போனில் இருந்த பழைய மெசேஜ்கள் போனது போனதுதான். ஆனால் நம்பர் உயிரோடு இருந்ததால் புதுக் கணக்கு திறக்கலாம் என்றேன். தர்ஷினியே திறந்தாள். அம்மாவின் படத்தைத் தேடி வைத்தாள். அப்பா ஓர் ஓரமாக நின்று, 'பாப்பாவோட கிளாஸ்ல இருக்கேன்' என்று தட்டி அனுப்பினார். இரண்டு டிக் விழுந்தது. மகள் கையில் இருந்த போன் அதிர்ந்தது. அவள் விரல் அதைத் திறக்கப் போனது. அவர் மெதுவாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொறக்காதம்மா. நீலமாயிடும். போய்ச் சேர்ந்தா போதும்."

ஊருக்கெல்லாம் பாதுகாப்புப் பாடம் எடுக்கும் நான், யாரும் பயன்படுத்தாத கணக்கு என்றால் எது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் மட்டும் இப்போதெல்லாம் டீ குடிக்கக் கீழே இறங்கிவிடுகிறேன்.