பறக்கும் படகின் வயிறு

இசோபே தேய்ஜி இதுவரை ஜெயித்தவற்றில் முதலாவது, அவருடைய சொந்த விரல்கள். ஷிமிசு துறைமுகத்தில் சூரை மீனை உறையவைக்கும் கிடங்கில் முப்பது வருடம் நின்றதில் நுனிகள் மரத்துப்போய்விட்டன. நூலும் கயிறும் அவற்றுக்கு ஒன்றுதான். அதனால் மாடல் விமானத்தின் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிய இணைப்பை மேலுதட்டில் வைத்து, மவுத் ஆர்கன் வாசிப்பவரைப்போல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுப்பார். மயிரிழை மேடு இருந்தாலும் உதடு சொல்லிவிடும். மறுபடி உப்புத்தாள், மறுபடி உதடு.

இரண்டாவது, ஆங்கிலேயர்கள் மூன்றே மூன்று கட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்ட, தண்ணீரிலிருந்து பறந்தெழும் ஒற்றை ஆள் ஜெட் படகு. வந்த மாடல் கிட்டில் அதன் இடது பாதி வலது பாதியைவிட ஓர் அரிசி நீளம் கூடுதல். மூன்றாவது, அமெரிக்கக் கடற்படை ஆசை ஆசையாகத் தொடங்கிக் கைகழுவிய நான்கு எஞ்சின் பூதம். அது கோடைக்காலத் தபால் வண்டியில் வெந்து, வால் காய்ந்த கணவாய் மாதிரிச் சுருண்டு வந்து சேர்ந்தது. நான்காவது, போன வசந்தத்தில் நடந்த மாடல் சங்கத்துக் கண்காட்சி. டாங்கிகளும் போர்க்கப்பல்களும் நிறைந்த கூடத்தில், பாதிப் பேர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு ரஷ்ய ஜெட் படகுக்குப் பார்வையாளர் ஓட்டு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக விழுந்தது.

இந்த வரிசையை மீன் டப்பா ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் தேய்ஜியின் அக்கா ஃபுசாயே சொல்லாத நாள் குறைவு. வெந்த சூரையிலிருந்து முள் பொறுக்குவது அவருடைய வேலை. அவர் கை பட்ட மீனில் முள் இருந்ததாகப் புகார் வந்ததில்லை. தம்பியின் பெருமையையும் அதே கறாரோடு, ஒன்றுகூட விடாமல் சொல்வார். வீட்டில் சொல்லும்போது மட்டும், நான்காவதுக்கு வந்ததும் தேய்ஜி எழுந்துபோய் அரிசி களைவார். களைந்த அரிசி ஏற்கெனவே பாத்திரத்தில் இருந்தாலும் களைவார்.

அறுபதை நெருங்கும் தேய்ஜிக்குக் கல்யாணம் ஆகவில்லை. கணவரை இழந்த அக்காவும் அவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சமையலறை மேசையில் ஜன்னல் பக்கம் தம்பிக்கு, அடுப்புப் பக்கம் அக்காவுக்கு. நடுவில் ஃபுசாயே நீல டேப் ஒட்டியிருக்கிறார். சோயா சாஸ் அந்தப் பக்கம் போகாது, பெயின்ட் இந்தப் பக்கம் வராது. ஒரே ஒரு தடவை வந்தது. அன்றைக்கு டோஃபுவை யாரும் சாப்பிடவில்லை.

புதுப் பெட்டியின் மூடியைத் திறக்கும்போது தேய்ஜி தலையை லேசாகக் குனிந்து, "உள்ள வரேன், தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்பார், அடுத்த வீட்டுக்குள் நுழைவதுபோல. சாதாரண விமானங்களை அவர் தொடுவதில்லை. தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும்பும் ஜெட் படகுகள் மட்டும்தான். உலகத்தில் மிகச் சில வகைதான் அப்படி உண்டு, அநேகமாக எதுவும் ரொம்ப நாள் ஓடவில்லை. ஏன் இவற்றின் மேல் இத்தனை பிரியம் என்று கேட்டால் ஒரே பதில்: "அதுங்களுக்கு நீந்தத் தெரியும், பறக்கவும் தெரியும். வேலைதான் கெடைக்கல."

"உன்னை மாதிரின்னு சொல்லு" என்பார் ஃபுசாயே.

"எனக்குத்தான் வேலை இருக்கே."

"நீந்தத் தெரியாதேடா."

பறக்கும் படகுக்கு முகம் மூக்கில் இல்லை, வயிற்றில் இருக்கிறது என்பது தேய்ஜியின் கட்சி. அடிவயிற்றின் நடுவே குறுக்காக ஒரு படி வெட்டியிருக்கும். ஒட்டிக்கொண்டு வரும் தண்ணீர் அந்த விளிம்பில்தான் விமானத்தை விட்டுப் பிரியும். படி இல்லாவிட்டால் கடல் அதை விடாது. அந்த விளிம்பு மழுங்காமல் தேய்த்து எடுக்க அவருக்கு ஒரு குளிர்காலம் பிடிக்கும். வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பி, முங்கவைத்துத் தேய்ப்பார். பல் தேய்க்க வந்த ஃபுசாயே வாயில் பிரஷ்ஷோடு வரிசையில் நிற்பார்.

சங்கத்திலும் அடிப்பக்கத்துக்குத்தான் மரியாதை. ஒவ்வொரு மாடலின் கீழேயும் ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். கடைசி வார்னிஷுக்கு முன்னால் கட்டியவர் தன் பெயரை வயிற்றில் எழுத வேண்டும், குனிந்து கண்ணாடியில் பார்ப்பவருக்கு மட்டும் அது தெரியும். தேய்ஜி எதிலும் எழுதியதில்லை. ஒன்றில் இறக்கை துளி தாழ்ந்திருக்கும், இன்னொன்றில் சாம்பல் நிறம் கொஞ்சம் நீலமாகியிருக்கும். "இதுல வேணாம், அடுத்ததுல போடுறேன்" என்பார். அவருடைய மாடல்களின் அட்டையில் எப்போதும் 'கட்டியவர்: சங்க உறுப்பினர்' என்றுதான் இருக்கும்.

ரஷ்யப் படகை ஒட்டிய வாரம், கொதிக்கும் ஓடென் குழம்புச் சட்டியிலிருந்து எடுத்த முட்டையை அவசரமாகக் கடித்து மேலுதட்டைச் சுட்டுக்கொண்டார். உதடு கொப்பளித்துவிட்டதால் விரல்களை நம்பினார். பெயின்ட் காய்ந்தபின் விளக்கடியில் திருப்பிப் பார்த்தால், இடப்பக்கப் படி வலப்பக்கத்தைவிட முன்னால் நின்றது. தேய்த்தார். பிளாஸ்டிக் கடற்பாசித் தாள்போல மெலிந்து கிழிந்தது. கண்காட்சிக்கு நாளில்லை. ரம்பத்தை எடுத்து வயிற்றை முழுசாக அறுத்து எறிந்தார். பலகையில் ரெசின் ஊற்றிக் கடல் செய்து, மிச்சத்தை அதன்மேல் ஒட்டினார். பஞ்சில் நுரை. கடலில் மிதப்பதற்குக் கண்ணாடி எதற்கு? கூட்டம் விமானத்தைவிட அந்தக் கடலைத்தான் மெச்சியது. "கைய வச்சா நனையும்போல இருக்கு" என்றார் ஒருவர். தேய்ஜி எல்லோருக்கும் தலை குனிந்துகொண்டே இருந்தார். அடக்கம் என்று நினைத்தார்கள்.

கோடைக்குப் பின் சங்கத் தலைவர் உசாமி போன் செய்தார். துறைமுக மண்டபத்தில் அந்த மாடலை நிரந்தரமாகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கேட்கிறார்களாம். நவம்பர் கண்காட்சியில் தேய்ஜி பலகையில் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும். ஃபுசாயே மறுநாளே தம்பிக்குப் புதுச் சட்டை வாங்கி வந்தார். அதன் விலைச் சீட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது தேய்ஜி சொன்னார்:

"அக்கா, அதுக்கு வயிறு இல்ல."

"எதுக்கு?"

"ரஷ்யாக்காரனுக்கு. கோணலாப் போச்சு, அறுத்துட்டேன். கடல ஊத்தி மூடிட்டேன்."

கத்தரி நின்றது. "கடலுக்கு அடியில யாரு குனிஞ்சு பாக்கப்போறா? கண்ணுக்குத் தெரிஞ்சதுக்குத்தானே ஓட்டுப் போட்டாங்க?"

"உன் டப்பாவுல முள்ளு இருந்தா, மூடிட்டா தெரியாதுன்னு அனுப்பிடுவியா?"

"முள்ளு தொண்டையில குத்தும்டா. இது யாரைக் குத்தப்போவுது?"

தேய்ஜி அரிசி இருந்த பக்கம் போனார்.

"ஆலையில எல்லாரையும் கூப்பிட்டுட்டேன்" என்றார் ஃபுசாயே, அந்த முதுகைப் பார்த்து. அதற்கப்புறம் அந்த வீட்டில் இருவரும் இதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் அவருடைய வரிசை மூன்றோடு நின்றுபோனது.

கண்காட்சி நாளில் ஃபுசாயே கூப்பிட்டிருந்தவர்கள் வந்துவிட்டார்கள். பண்பாட்டு நாள் விடுமுறை, கூடம் நிறைந்திருந்தது. ஆலைத் தோழி கினுயோ, ஒரு பை ஆரஞ்சோடு இன்னும் மூன்று பேரை இழுத்துக்கொண்டு நடு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "இதுதான் அந்தக் கடலா? ஃபுசாயே அக்கா, நீங்க சொன்னது கொஞ்சம்தான் போங்க."

ஃபுசாயேவுக்குக் காது மடல் சுட்டது. "ம்" என்றார்.

உசாமி பல் கட்டும் தொழில் செய்பவர். பேசும்போது எதிராளியின் வாயையே பார்ப்பார். பேனாவை நீட்டினார். "பலகை ஓரத்துல போடுங்க, இசோபே சான். பெட்டிக்குள்ள போயிட்டா அப்புறம் தொறக்க மாட்டாங்க."

தேய்ஜி பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார்.

"சின்னக் கத்தி ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டார்.

உசாமி தன் கருவிப் பெட்டியிலிருந்து கொடுத்தார். தேய்ஜி கத்தி முனையை விமானத்துக்கும் கடலுக்கும் நடுவே செருகிச் சுற்றி வந்தார். பசை டக்கென்று விட்டது. விமானத்தைத் தூக்கி மேசைமேல் மல்லாக்கப் போட்டார். படியும் வளைவும் இருக்க வேண்டிய இடத்தில், ரம்பத்தின் பற்கள் கீறிய தட்டையான பிளாஸ்டிக்தான் இருந்தது.

உசாமி குனிந்து பார்த்தார். "வயிறு எங்க?"

"அறுத்துட்டேன். ஒட்டுனது கோணல். மறைக்கத்தான் கடல்." வரிசையாக நின்ற முகங்களைத் தேய்ஜியால் பார்க்க முடியவில்லை. "ஓட்டுப் போட்டவங்க மன்னிக்கணும்."

கினுயோ ஆரஞ்சுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்போ பெட்டி வச்சுக் காத்திருக்கிற மண்டபத்துக்காரங்களுக்கு நான் என்னய்யா பதில் சொல்றது?" என்றார் உசாமி மெதுவாக.

"பெட்டியில வைக்க இதுல எதுவும் இல்லன்னு சொல்லுங்க."

ஃபுசாயே தம்பியின் பக்கத்தில் வந்து நின்று, ஆலைத் தோழிகளுக்கு எதிரே இடுப்பு வளைய ஒரு முறை குனிந்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. தம்பியிடம், "பொய்யில போடாத பேர இதுல போடு" என்றார், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

மல்லாந்த விமானம் வளைந்த முதுகின்மேல் ஆடியது. முள் பொறுக்கும் விரல்களால் ஃபுசாயே இரண்டு இறக்கைகளையும் பிடித்துக்கொண்டார். தேய்ஜி பேனா மூடியைப் பல்லால் கழற்றி, ரம்பம் கீறிய வெள்ளைப் பரப்பில், இடறி இடறி, முழுப் பெயரையும் எழுதினார். அதன் கீழே, 2024 நவம்பர் 3.