தேர்தல் வேட்டி

பித்தளைச் செம்புக்குள் தணலை அள்ளிப் போட்டு, அதன் அடிப்பாகத்தால் வேட்டியை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார் ரெங்கசாமி. பொங்கலுக்குக்கூட அந்த வேட்டிக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. தேர்தல் வந்தால்தான் அது டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே வரும். அறுபதாம் ஆண்டு மார்ச் மாதமான இப்போது நாலாவது தடவை.

வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் அவர் மனைவி பெரியாயி.

“தோட்டத்துக் கிளாக்கரய்யா சொன்னது மறந்துபோச்சா? ஓட்டுச் சாவடில போய் நின்னா பத்துச்சீட்டுன்னாரு. இந்தக் காம்பிராவையும் விட்டுட்டு எங்கங்க போறது?”

பத்துச்சீட்டுக் கிழித்தால் வேலையும், தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீடும் ஒரே நாளில் போய்விடும். பெரியாயியின் பயத்தில் பிசகே இல்லை.

“நான் என்ன கல்லெறியவா போறேன்? பேர் இருக்கான்னு பாத்துட்டு வாரேன் புள்ள” என்றார் இவர்.

இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, முப்பது வருஷம் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டிவிட்ட மனிதர். குனிந்தே பழகிய முதுகு, வாக்குச் சாவடி வரிசையில் மட்டும் நிமிர்ந்துவிடும். நாற்பத்தேழில் ஓட்டுச் சீட்டுப் போட்டார். பிறகு, இந்திய வம்சாவளிக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்தது. தோட்டத்துச் சனங்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து கூண்டோடு போயின.

பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார். விசாரணைக்குப் போகுமுன் லயமே கூடிச் சொல்லிக்கொடுத்தது: “இந்தியாவுக்குப் போகவே இல்லைன்னு ஒரே போடாப் போட்ருங்க.” அதிகாரி கேட்டதும் இந்த மகராசன் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டார். யுத்தம் முடிந்த வருஷம் மூத்த மகளுக்குக் குலசாமி கோயிலில் முடி இறக்கப் போனது, போன இடத்தில் பெரியாயிக்கு அம்மை போட்டது, திரும்பிவர ஒன்றேகால் வருஷம் ஆனது, எல்லாவற்றையும். அவ்வளவு காலம் நாட்டில் இல்லாதவருக்கு உரிமை கிடையாது என்று கடிதம் வந்தது. “சாமிக்குச் செஞ்சத இல்லைன்னு சொல்ல நாக்கு வருமா?” என்று இன்றைக்கும் கேட்கிறார். அந்த நாக்கை நினைத்துப் பெரியாயி அழுத அழுகை கொஞ்சமல்ல.

ஐம்பத்திரண்டில் தொழிற்சங்கத்துக்காரர்கள் கொழும்புக்குச் சத்தியாக்கிரகத்துக்குக் கூப்பிட்டார்கள். இவர் போகவில்லை. “கவர்மெண்டு மேல நம்பிக்கை விட்டுப்போனவங்க ரோட்ல உக்காரட்டும். எனக்கு இன்னும் விடல.”

பக்கத்துக் காம்பிரா பொன்னையாவுக்குப் பொறுக்கவில்லை. “அப்ப எதுக்குய்யா தேர்தலுக்குத் தேர்தல் போய் அவமானப்படுற?”

“நான் போய் நின்னாத்தானே இல்லைன்னு அவுங்க வாயால சொல்லணும்.”

பொன்னையா வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்துச் சாவடியில் இடாப்பைப் புரட்டியவர் செல்வரத்தினம் என்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர். “உங்கட பேர் இதில இல்லை ஐயா” என்றார் மெதுவாக. ரெங்கசாமி கும்பிட்டார். வெளியே வந்தார். வரிசையின் கடைசியில் மறுபடி போய் நின்றார். இரண்டாம் தடவையும் அதே பதில், அதே கும்பிடு, அதே கடைசி இடம்.

மூன்றாம் தடவை நின்றபோது பொலிஸ்காரர் பக்கத்தில் வந்தார். “இனி உள்ள போனா ஸ்டேஷன்தான்.” வாசலுக்கு வெளியே தோட்டத்துக் கிளாக்கர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெங்கசாமியின் கால் நடுங்கியதை, தேய்த்த வேட்டி ஊருக்கே காட்டிக்கொடுத்தது. ஆனாலும் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியாயி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கொழுந்து பறித்த மலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள். முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு. “வாங்க வீட்டுக்கு” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னும் அஞ்சு பேர்தான் புள்ள.”

அவள் பொலிஸ்காரரைப் பார்த்தாள். கிளாக்கரைப் பார்த்தாள். வேட்டிக்குள் நடுங்கும் காலைப் பார்த்தாள். பிடித்த கையை விட்டாள். கூடையை இறக்கிச் சுவரோரம் வைத்து, இடுப்புப் படங்கை அவிழ்த்து மடித்து அதற்குள் போட்டாள். சேலையை நீவிவிட்டுக்கொண்டு, அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றாள்.