ஒரு மடக்கு திராட்சரசம்

எங்கள் முதியோர் இல்லத்தில் அவனுக்கு ஆமென் என்று பெயர் வைத்தவர்கள் சமையலறைப் பெண்கள். எதைச் சொன்னாலும் மறுக்க மாட்டான். பண்டிகை நெருங்கினால் மற்ற எல்லோருக்கும் குடும்பம் ஞாபகம் வந்துவிடும். "உனக்கென்ன, தனிக்கட்டை. பொண்டாட்டி அழுவாளா, புள்ள தேடுமா? நீயே பாத்துக்க" என்பார்கள். அவனும் "ஆமென்" என்பான்.

முப்பதை எட்டாத வயது. துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறை, அதில் ஒரு கட்டில், ஒரு பைபிள், சட்டைகள் காயும் ஒரு கயிறு. சபைப் பெண்மணிகள் அவனுக்குப் பெண் பார்ப்பதைப் பொழுதுபோக்காகவே வைத்திருந்தார்கள். கிழவர்களுக்கு மலஜலம் எடுக்கிற வேலை என்று கேட்டதும் பெண் வீட்டார், "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்" என்பார்கள். அந்த ஜெபங்களில் ஒன்றாவது முடிந்ததாக எனக்குத் தெரியாது.

அவனும் நானும் செய்தது ஒரே வேலை. எழுந்திருக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது. படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும்போது மட்டும் மனம் விட்டுப் பேசுவான். கோயிலில் கிறிஸ்துமஸ் என்றால் விளக்கும் பாட்டும். இங்கே அன்றைக்கும் மலச்சிக்கல்தான், படுக்கைப் புண்தான். முன்னணையில் கிடந்த குழந்தை இயேசுவுக்கும் யாரோ துணி மாற்றித்தானே இருப்பார்கள், அதைப் பற்றி ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லையே என்பான். தனியாக இருப்பது எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். வேலை நாளில் ஒன்றும் தெரியாது, லீவு நாளில் சாப்பிட்ட ஒரே தட்டைக் கழுவும்போதுதான் தெரியும், அதனால்தான் லீவே எடுப்பதில்லை என்றான். அவனை நல்லவன் என்று எல்லோரும் சொன்னதில் பாதி இதுதான்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரர் கிடந்தார். பக்கவாதம் வலது கையை எடுத்துக்கொண்டது, பேச்சைக் குழற வைத்தது, விழுங்குவதையும் கெடுத்துவிட்டது. தண்ணீராக எது கொடுத்தாலும் வழி தவறி நுரையீரலுக்குள் போய்விடும். போனதற்கு அடையாளமாக இருமல்கூட வராது. இருமினால் நாம் சுதாரித்துக்கொள்வோம், இருமாததுதான் ஆபத்து. ஆகவே தண்ணீர், டீ, மருந்து எல்லாவற்றிலும் கெட்டியாக்கும் மாவு கலந்து, ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைத் தாழ்த்தச் சொல்லி, கரண்டியால் ஊட்ட வேண்டும். ஆமென் இதில் ஒருநாளும் பிசகியதில்லை. "ஒரு வாய் தண்ணி குடுடா பாவி" என்று தையல்காரர் குழறுவார். மாவு கரைக்கும் கை நிற்காமலே, பாவிதான் ஐயா, ஆனால் கூழ்தான் உண்டு என்பான்.

தையல்காரரும் அவன் சபைக்காரர். படுக்கையில் விழுந்ததிலிருந்து திருவிருந்து, அதாவது போதகர் ஜெபித்துத் தரும் அப்பமும் திராட்சரசமும், எடுக்கவில்லை. சாவதற்குள் ஒரு தடவை வேண்டும் என்று இடது கையால் வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஆமென் போதகரிடம் பேசி, கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்ததும் வரச் சொன்னான். அப்பத்தை உதட்டில் தொட்டு எடுத்துவிடுவது. திராட்சரசத்தில் மாவு கலந்து அவனே ஊட்டுவது. அதுதான் பேச்சு.

போதகருக்கு அன்று போக வேண்டிய வீடுகள் நிறைய. வந்ததும் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். முன்கூட்டியே மாவைக் கலந்து வைக்க ஆமெனுக்கு நேரம் இல்லை. ஜெபம் முடிந்து கிண்ணம் அவன் கைக்கு வந்தது. மாவு டப்பா பக்கத்து மேஜையில் இருந்தது. நான் அப்போது பெண்கள் வார்டில் இருந்தேன்.

மத்தியானம் வந்து சொன்னான். "கலக்கல பெரியம்மா. பரிசுத்தம் பண்ணினதுல மாவப் போட்டுக் கலக்க மனசு வரல. ஒரு மடக்குதானே, கர்த்தர் பாத்துப்பார்னு நெனச்சேன்."

வேறு எந்த நாளில், வேறு எந்தக் கிண்ணத்தில் கொடுத்திருந்தாலும் அவனுடைய கை தானாக அந்த டப்பாவுக்குப் போயிருக்கும். விசுவாசம் இல்லாதவன் யாராவது அந்த இடத்தில் நின்றிருந்தால் கலந்திருப்பான்.

நர்ஸிடமும் அவனே போய்ச் சொன்னான். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார்கள், மருந்து தொடங்கினார்கள். மறுநாள் காய்ச்சல், அதற்கடுத்து மூச்சிரைப்பு. தொண்டைச் சளியை உறிஞ்சி எடுக்கும் குழாயை ஆமென்தான் பிடித்தான். அந்த வாரம் முடிவதற்குள் தையல்காரர் போய்விட்டார்.

அவருக்கு ஒரே மகள், வெளியூரில் இருந்தாள். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதுதான் அவனைத் தின்றது. வார்டு பொறுப்பாளர், போனவர் போய்விட்டார், வாயைக் கொடுத்து வம்பை வாங்காதே என்றார். தையல்காரர் கேட்டார், பெற்றுக்கொண்டார், சமாதானமாய் இரு என்று போதகர் தோளைத் தட்டினார். வேலை போனால் வேறு வேலை கிடைக்காது என்பதும் அவனுக்குத் தெரியும். என்னிடம் வந்து நின்றான்.

"சொல்றதுன்னா அழாம சொல்லு. அவ உன்னத் தேத்துறதுக்கு வரல" என்றேன்.

மகள் வந்தாள். போதகர் அவளுக்குத் திருவிருந்து விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆமெனைத் தேடி வந்து, அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாவுக்குப் புள்ள இல்லாத கொறையத் தீத்துட்டீங்க தம்பி" என்றாள்.

அவன் கையை விடுவித்துக்கொண்டு சொன்னான். எப்படிக் கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுத்தான், அதனால் என்ன ஆயிற்று, எல்லாம். அழவில்லை. அவள் கேட்டுக்கொண்டே பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவரா கேட்டாரு?"

"ஆமாக்கா. அவர்தான் கேட்டாரு."

"தெனமும்தான் தண்ணி கேட்டாரு. எங்கிட்டயும்தான் கேட்டாரு. நான் குடுக்கலயே" என்றாள். "கேட்டாலும் குடுக்காம இருக்கத்தானே உங்ககிட்ட விட்டுட்டுப் போனேன்."

அவள் அப்பாவின் கண்ணாடியையும் சால்வையையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். புகார் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஒரு விசாரணை, ஒரு தண்டனை என்று எங்காவது அது முடிந்திருக்கும்.

மறுநாள் ஆமென் கீழ்த்தளத்துச் சலவை அறைக்கு மாற்றம் கேட்டான். சம்பளம் குறைவு, கால் எப்போதும் ஈரம். பொறுப்பாளர் சந்தோஷமாகவே கொடுத்தார்.

மேலே ஆள் பற்றாக்குறை வந்தபோது அவனைக் கூப்பிட நான்தான் இறங்கிப் போனேன். நல்ல கை அவனுடையது, வீணாகக் கூடாது. அழுக்கு விரிப்புகளை இயந்திரத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தான். திரும்பி வாடா, ஊட்ட ஆள் இல்லை என்றேன்.

"வேணாம் பெரியம்மா" என்றான். "துணிக்குத் தொண்டை கெடையாது பாருங்க."

இயந்திரத்தின் கதவைச் சாத்தினான். நான் மேலே ஏறி வந்து, ஊட்ட வேண்டியவர்களுக்கு ஊட்டினேன்.