மரியாளின் தாலாட்டும் மூன்று கிணற்று மோட்டார்களும்

1. லாக் எழுத உட்கார்ந்த நாள்

ரெக்கார்டிங்குக்கு லாக் என்னும் நேரக் குறிப்பு எழுத நான் உட்கார்ந்த முதல் நாளே இது நடந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்காக எழுதித் தரச் சொன்னார்கள். என் தவறும் இதில் இருப்பதால் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்போது சித்தூர் மிஷன் டிரெயினிங் ஸ்கூலில் நான் டைப்பிஸ்ட். எங்கள் மியூசிக் மாஸ்டர் தேவசகாயம், இயேசு பிறப்பைப் பற்றி ஓர் ஆரட்டோரியோ எழுதியிருந்தார். நாடகம்போல் அதில் கதை உண்டு. வேஷமும் நடிப்பும் கிடையாது. ஆர்கன், கோயர் என்ற பாடகர் குழு, தனிப்பாடகர்கள், அவ்வளவுதான். பழகிய மெட்டு ஒன்றுகூட இல்லை. சில இடங்களில் நான்கு குரல்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

“மாஸ்டர், இங்க நோட்டு தப்பா எழுதியிருக்கா?” என்று கோயரில் கேட்காதவர் இல்லை.

“தப்பில்ல. மாட்டுக் கொட்டாயில புள்ள பெத்தவளுக்கு மனசு அப்படித்தான் இருக்கும். பாடுங்க” என்பார் மாஸ்டர்.

மெட்ராஸிலிருந்து சம்பத் சார் டேப் மெஷினோடு வந்தார். ஒரு முறை பாடிப் பிடிப்பது ஒரு டேக். ஒவ்வொரு டேக்கும் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது முடிந்தது, நடுவில் இருமல், நாற்காலிச் சத்தம் ஏதாவது கேட்டதா என்று எழுத ஓர் ஆள் வேண்டும். பள்ளியில் இசைக்குறிப்பு படிக்கக் கற்றிருந்ததால் என்னை உட்காரவைத்தார்கள்.

என் மகனுக்கு அப்போது ஏழு மாதம். மாமியாரிடம் விட்டு வந்திருந்தேன். பாலைக் காய்ச்சி வைத்தேனா, மூடி வைத்தேனா என்று காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று மாமியாரிடம் சொல்லியிருந்தேன்.

2. இரண்டு நாற்பது

அன்றைக்கு முக்கியமானது மரியாளின் தாலாட்டு. பாடுபவர் ரோஸ் டீச்சர். எல்லை பிரிந்து திருத்தணிப் பக்கம் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேரவிருந்த சமயம். ரெவின்யூ ஆபீஸில் வேலை பார்த்த அவர் கணவர் மெட்ராஸ் பக்கமே போகிறேன் என்று ஆப்ஷன் கொடுத்து, திருநெல்வேலிக்குப் போஸ்டிங் வாங்கியிருந்தார். அன்றைக்கே நாலரை பஸ்ஸில் காட்பாடி, அங்கிருந்து ரயில். அந்தக் குரலை மனதில் வைத்துத்தான் மாஸ்டர் அந்தப் பாட்டையே எழுதியிருந்தார். அன்றைக்கு விட்டால் இன்னொரு முறை கிடையாது.

எதிரொலி வராமலிருக்க ஹால் ஜன்னல்களைக் கம்பளியால் மூடியிருந்தோம். என் மேஜைக்கு மேல் ஒரு பல்பு. டீச்சர் பாடிக்கொண்டிருக்கும்போது அது மெல்ல மங்கியது. மற்றவர்கள் கண்ணெல்லாம் நோட்டில் இருந்தது. நான் “2.40, விளக்கு மங்கல்” என்று பென்சிலால் எழுதினேன்.

எங்கள் ஊர் கார்வேட்டிநகரம் பக்கம். கிணற்று மோட்டார் போட்டால் வீட்டு விளக்கு மங்குவதைப் பார்த்து வளர்ந்தவள். மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் மூன்று கிணறுகள். அவற்றுக்கும் பள்ளிக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். கரண்ட் குறைந்தால் டேப் மெஷினும் மெதுவாகத்தானே ஓடும் என்று தோன்றியது.

பாட்டு முடிந்ததும் சம்பத் சார் உடனே போட்டுக் காட்டினார். சரியாகவே கேட்டது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அருமைம்மா. நீங்க கெளம்பலாம்” என்று டீச்சரிடம் சொன்னார் சம்பத் சார்.

மெஷினைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இதைச் சொன்னால் மறுபடி பாடவேண்டும், நாலு மணிக்கு வீட்டுக்குப் போகமுடியாது என்றும் நினைத்தேன். எழுதியதை ரப்பரால் அழித்துவிட்டேன்.

3. மடை

மூன்றரைக்குப் பல்பு பளிச்சென்று ஆனது. மோட்டார்களை நிறுத்தியிருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெதுவாக ஓடும்போது பிடித்ததை மெதுவாகவே ஓட்டிக் கேட்டால் சரியாகத்தான் இருக்கும். மெஷின் தன் வேகத்துக்கு வந்தபிறகு கேட்கவேண்டும்.

“சார், தாலாட்டை இன்னொரு தடவை போடறீங்களா? மாஸ்டர் கூடவே ஆர்கன் வாசிக்கட்டும்.”

“எதுக்கும்மா? அதான் கேட்டமே.”

“விளக்கு மங்கிச்சி சார். நான் எழுதி, அழிச்சிட்டேன்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் போட்டார். டேப்பில் இருந்த ஆர்கன் ஒரு சுருதியிலும் மாஸ்டர் வாசித்தது வேறு சுருதியிலும் நின்றன. மரியாளின் குரல் பள்ளிக்கூடத்துச் சிறுமியின் குரல்போல் மெலிந்து, அவசரமாக ஓடியது.

“மெட்ராஸ்ல இந்தத் தொல்லையே கெடையாது” என்று சம்பத் சார் தலையில் கைவைத்தார்.

டீச்சர் காம்பவுண்டு கேட்டில் பெட்டிகளோடு நின்றிருந்தார். அவர் கணவர் நான் சொன்னதைக் கேட்டு, “தெனம் பொழுதும் இதே ரோதனை. பஸ் போச்சின்னா ரயிலும் போச்சி” என்றார்.

“ஆறு மணிக்கும் பஸ் இருக்குதே. ராத்திரி ரயிலு கெடைக்கும், கூட்டமா இருந்தாலும் நின்னுக்கினு போலாம்” என்று டீச்சர் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஹாலுக்குத் திரும்பினார்.

மோட்டார் மறுபடி ஓடினால் எல்லாம் வீண். பின் கேட்டைத் திறந்து வரப்பில் ஓடினேன். கிணற்றுக்காரர் முனிரத்தினம் மாமா காபி குடித்துவிட்டு ஸ்விட்ச் போடப் போய்க்கொண்டிருந்தார்.

“மாமா, அஞ்சு மணி வரிக்கும் மோட்டார் போடாதீங்க.”

“இன்னாம்மா நீ, பாதிக் கரும்பு காஞ்சிக்கினு கீது. மடைய இப்பத்தான் திருப்பிட்டு வரேன். இன்னா அங்க, கூத்தா?”

“பாட்டு மாமா. கொழந்த பொறந்த பாட்டு.”

“யாரு கொயந்த?”

“ஏசு சாமி.”

“தாலாட்டா?”

“தாலாட்டுதான்.”

“கொயந்த தூங்கறப்ப மோட்டாரு ஓட்டனா நல்லாவா இருக்கும்?” என்றவர் மற்ற இரண்டு கிணறுகளையும் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் பக்கம் திரும்பி, “ரேய், மோட்டாரு ஒத்துரா! அயிது தாகா ஒத்து!” என்று, அஞ்சு வரைக்கும் மோட்டார் வேண்டாமெனத் தெலுங்கில் கத்தினார். பிறகு சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு என் பின்னாலேயே வந்து, ஹாலின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

இரண்டாவது முறை டீச்சர் அவசரமே இல்லாமல் பாடினார். குரல்கள் இடித்துக்கொள்ளும் அந்த இடம் முதல்முறையாக எனக்குப் புரிந்தது. முனிரத்தினம் மாமா அசையாமல் இருந்தார். முடிந்ததும், “வார்த்த புரியல. ஆனா அந்தம்மா பயந்துக்கினே பாடுது. தல புள்ளயா?” என்று என்னைக் கேட்டார். தலைச்சன்தான் என்றேன். இந்த முறை பல்பு பளிச்சென்று எரியும்போதே போட்டுக் கேட்டோம். ஆர்கனோடு இம்மி பிசகவில்லை. டீச்சர் ஆறு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்.

வீட்டுக்குப் போகும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். மகன் வயிறு நிறைந்து மாமியார் மடியில் விளையாடிக்கொண்டிருந்தான். என்னைத் தேடியதாகவே தெரியவில்லை. அதற்கும் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

4. அழித்த இடம்

திங்கட்கிழமை லாகை டைப் செய்து சம்பத் சாரிடம் கையெழுத்துக்குக் கொடுத்தேன். முதல் டேக்குக்கு எதிரே, “2.40, விளக்கு மங்கல். எழுதியதை அழித்தேன். காரணம்: வீட்டுக்குப் போகும் அவசரம்” என்று அடித்திருந்தேன்.

“டேப் சரியாயிடுச்சே. இது வேணுமாம்மா?”

“இருக்கட்டும் சார்.”

அவர் அதைத் திரும்ப ஒருமுறை படித்தார். “நான்கூட பல்பைப் பார்த்தேன். லன்ச் சரியா சாப்பிடல, கண்ணு இருட்டுதுன்னு நெனச்சுக்கிட்டேன்” என்று சொல்லி, என் வரிக்குக் கீழே “நானும் பார்த்தேன், சொல்லவில்லை” என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகம் வந்தால் மணியோடு எழுதுங்கள். அது சரியா தவறா என்று முடிவு செய்வது லாக் எழுதுபவர் வேலை இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கும் அதே சந்தேகம் இருக்கலாம். யாராவது முதலில் எழுதட்டும் என்று அவர் காத்திருக்கலாம்.