மாமாவின் துப்பாக்கிக் கட்டை

தென்னேரி மாமாவின் துப்பாக்கியை உடைத்தது எங்கள் அப்பாதான். சுட்டு உடைக்கவில்லை, சும்மா அழகு பார்த்தே உடைத்தார்.

மாமா என் அம்மாவுக்கு ஒரே அண்ணன். வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கக் காஞ்சிபுரம் வந்த அன்று எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அந்தக் குழம்புக்கு மாமா மூன்று முறை சோறு போட்டுக்கொள்வார். அவர் கை கழுவி வருவதற்குள் அப்பா துப்பாக்கியைத் தறிமேல் சாய்த்துப் பார்த்தார். அது நழுவி, நெய்கிறவர் கால் தொங்கவிடும் தறிக்குழிக்குள் விழுந்தது. தோளில் வைக்கிற மரக்கட்டை சுக்குச் சுக்காகிவிட்டது.

அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், கட்டைய நானே செஞ்சி தர்றேன்" என்றார் அப்பா.

"நீ பட்டு நெய்யறவன்பா, மாப்ள."

"அறுந்த இழைய முடியறவனுக்கு மரம் எம்மாத்திரம்?"

மாமா துப்பாக்கியின் இரும்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். அப்பாவுக்குப் பிடித்தது பைத்தியம். முதலில் வேப்பமரம், பிளந்துகொண்டது. அடுத்து மாமரம், அதை உளி தின்றது. மூன்றாவதாக வாகை. கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கும் வேலை என்னுடையது. இதோ, விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

தறி செய்கிற ஆசாரி ஒரு புத்தி சொன்னார்: "சட்டை மாதிரிதாம்பா, ஆளுக்கு அளவெடுத்துச் செய்யணும்."

மாமாவும் அப்பாவும் ஒரே வாகு. அதனால் அப்பா தன் தோளிலேயே அளவு பார்த்தார். எப்போது? நெசவுக்கு நடுவில், குழியில் கால் தொங்க, முதுகு வளைந்து உட்கார்ந்தபடியே.

கட்டையோடு தென்னேரி போனோம். மாமா இரும்பில் பொருத்தி, நின்றபடி தூக்கினார். தோளில் உட்காரவில்லை, கன்னமும் படவில்லை. முழங்காலை மடக்கினார், கூனினார். அப்பா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாந்தமா கீது மாப்ள" என்றார் மாமா.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க அப்பாவின் பேச்சு அந்தக் கட்டைதான்.

கடலை பிடுங்கும் சமயம் மறுபடி போனோம். கொல்லை வரப்போரம் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டியிருந்தது.

"இன்னாத்துக்கு மாமா குழி?"

"பன்னிக்குக் கண்ணு கூர்மை பாப்பா. ஒளிஞ்சிக்கினு சுடறேன்."

அப்பா குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, துப்பாக்கியைத் தோளில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. "தறில குந்திக்கினா மாதிரியே கீது மச்சான்!" என்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தார்.

"வேலைக்காரன் வேலையாச்சே" என்றார் மாமா.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடலைக்கொல்லைப் புழுதி பட்டுவிட்டது என்று நினைத்து, நான் ஓடிப்போய் ஊதிவிட்டேன். ஊர் திரும்பியதும், எங்கள் மாமா பன்றிக்குப் பயந்து குழியில் ஒளிகிறவர் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.