மின் தூவுக்கு ஊற்றிய தண்ணீர்

போப்பா மலைக் கோயில் படிகளில் குரங்கு எச்சத்தைக் கூட்டித் தள்ளுவதுதான் சான் யீயின் பிழைப்பு. மகன் மின் தூ பத்தொன்பது வயதில் பச்சைக்கல் சுரங்கத்துக்குப் போனவன், தகவலே இல்லை. ஆண்டுதோறும் அவன் பிறந்தநாளில் துடைப்பத்தைப் போட்டுவிட்டு உச்சிக்கு ஏறுவாள். அங்கே கிழமைக்கொன்றாய் நிற்கும் புத்தர் சிலைகளில் அவன் பிறந்த வியாழக்கிழமைக்குரிய புத்தருக்கு வயதுக்கொரு குவளைத் தண்ணீர் ஊற்றி, வரப்போகும் ஆண்டுக்கென்று ஒன்று கூடுதலாகவும் ஊற்றுவாள்.

நேற்று அவனுடைய கூட்டாளி வந்தான். சுரங்கத்துக்குப் போன அந்த முதல் வருடமே, பத்தொன்பது வயதிலேயே, மண் சரிந்து மின் தூ புதைந்துவிட்டானாம்.

இன்று பத்தொன்பதோடு குவளையைக் கவிழ்த்தாள்.

"என்னக்கா நிறுத்திட்டே? பையனுக்கு இன்னியோட இருபத்துநாலு ஆகுதுல்ல?" என்றாள் கூடக் கூட்டும் வேவே.

"வாயை மூடுடி. நாலு வருஷமா செத்தவனுக்கு வயசு ஏத்திக்கிட்டிருந்திருக்கேன்."