மீட்டர்காரரின் பறவைத் திட்டம்

வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்துக் குறித்தே முப்பத்தொரு வருஷம் ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்ற பின்னும் தெருவுக்கு அவர் மீட்டர்காரர்தான். தூரத்துத் தீவுகளில் பறவை பார்க்க அவர் போட்ட திட்டம் நாற்பத்திரண்டு பக்கம். எந்தக் காட்டில் எத்தனை மணிக்கு நிற்பது என்பதுவரை அதில் இருந்தது. கப்பலில் ஓர் இடம் பதிவு செய்வதுதான் பாக்கி. அந்த வாரம்தான் கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். இனித் தொலைநோக்கி வைத்தாலும் பறவை வெறும் நிழலாகத்தான் தெரியும்.

திட்டத்தை அலமாரியில் வைக்கப் போனவரை மனைவி தடுத்தாள்.

"நான் பாத்துச் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க."

"காக்காயைத் தவிர உனக்கு என்ன தெரியும்?"

"உங்களையே முப்பத்தெட்டு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். அதைவிடவா கஷ்டம்?"

சோதிக்காமல் அவர் எதையும் ஏற்பதில்லை. மறுநாள் காலை மொட்டை மாடியில் தொலைநோக்கியை அவளிடம் கொடுத்தார்.

"தண்ணித் தொட்டி மேல ஒண்ணு. பெரிய மண்டை, கழுத்தே இல்ல. சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற உங்க அண்ணன் மாதிரி அசையாம இருக்கு."

"மூக்கு?"

"நல்ல நீளம். முதுகு நீலம், மார்பு வெள்ளை."

'வெண்மார்பு மீன்கொத்தி, 6.52' என்று எழுதினார். அண்ணன் விஷயத்தையும் குறிப்புக் கட்டத்தில் சேர்த்தார். விவரம் சரியாகத்தான் இருந்தது. பிறகு கீழே போய்க் கப்பல் அலுவலகத்துக்கு போன் செய்து, இரண்டு இடம் கேட்டார்.